வேலிக்கு வெளியே ஒரு குடுவை

சத்தம் மாறவில்லை. மாறியது போலக் குழந்தைவேலுவுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். ஆய்வகத்தின் மூலையில் அந்தச் சின்ன எந்திரம் காலையில் எப்படிச் சுற்றத் தொடங்கியதோ அப்படியேதான் இப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே, சூடான கிளிசரினுக்குள், மூடி முறுக்கிய எஃகுக் குடுவைகள் ராட்டினத்துத் தொட்டில்கள் மாதிரி மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தன. ஒவ்வொரு குடுவைக்குள்ளும் ஒரு துண்டு பனியன் துணி. அதை வெளுக்கக் கொஞ்சம் காஸ்டிக் சோடா, கொஞ்சம் பெராக்சைடு, மீதி தண்ணீர். பெருந்துறைப் பக்கம் இந்த வெளுப்பு ஆலைக்கு அவர் வந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம்தான். உறங்குகிறவரின் மூச்சைப் போல அது அவருக்கு. ஓடுகிறவரையில் காதில் விழாது. இன்று விழுந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் ஏதோ ஒரு குடுவை மெல்லத் தட்டுகிற மாதிரி இருந்தது. கவ்வி தளர்ந்திருக்கும், சாயங்காலம் முடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்த பிறகும் காது அங்கேயே நின்றது. தொண்டையில் மீன்முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கிப் பார்ப்போமே, அப்படி அவர் காலையிலிருந்து எதையோ விழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எது என்று தெரியவில்லை. காலையில் சாப்பிட்ட தோசையில் ஒன்றுமில்லை. வண்டிக்குப் பெட்ரோல் போட்டாயிற்று. வாசல் கதவைப் பூட்டினது நினைவிருக்கிறது. மனைவி மரகதம் போன பிறகு பூட்டுவதற்கு அவர் ஒருவர்தான், அதனால் பூட்டை இழுத்துப் பார்க்கும்போது ‘பூட்டிவிட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தார். இன்றும் சொன்னார். அப்படியென்றால் முள் இங்கேதான் எங்கோ இருக்கிறது, இந்த அறையில், காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சரி என்று அழுத்தியதில். கடைசிக் குடுவை. ஆமாம், அந்த வரியைப் படிக்கும்போது கண் ஒரு கணம் நின்றது. காஸ்டிக் ஏறியிருக்கிறது, பெராக்சைடும் ஏறியிருக்கிறது, சூடும் மேலேதான். மூன்றும் ஒன்றாக ஏறுமா என்று நினைத்தார். ஏறாது, ஏறினால் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிற வேலி தடுத்திருக்கும், தடுக்கவில்லை என்பதால் அது வேலிக்குள்தான் இருக்கிறது என்று உடனே தானே பதிலும் சொல்லிக்கொண்டார். வேலியைப் போட்டவர் அவர். அதனால் சரி என்று அழுத்தினார்.

“கிளி சீட்டு எடுத்துருச்சுங்களா சார்?” என்று பூங்கோதை தினமும் காலையில் கேட்பாள். ஆய்வகத்தில் அவரைத் தவிர இருப்பவள் அவள் ஒருத்திதான். குடுவைகளை நிரப்புவது, மூடுவது, திறப்பது, கழுவுவது எல்லாம் அவள். கம்ப்யூட்டரில் இருக்கிற அந்தப் புரோகிராமுக்குக் கிளி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். பெயர் பொருத்தமில்லாமல் இல்லை. இதுவரை செய்த சோதனைகளின் முடிவுகளை அதற்குக் கொடுத்தால், இன்னும் செய்யாத கலவைகளில் துணி எவ்வளவு வெளுக்கும், எவ்வளவு வலு மிஞ்சும் என்று ஓர் ஊகம் கட்டும். ஊகம் எங்கே நல்லதாக இருக்கிறது, எங்கே தனக்குச் சுத்தமாக ஒன்றும் தெரியாது என்று இரண்டையும் எடைபோட்டு, அடுத்து இதைச் செய்து பார் என்று சீட்டை நீட்டும். செய்த முடிவைச் சொன்னால் முகம் சுளிக்காமல் தன் ஊகத்தைத் திருத்திக்கொள்ளும். இந்தக் குணம் குழந்தைவேலுவை முதல் நாளே வசியம் செய்துவிட்டது. அவருக்குத் தெரிந்த மனிதர்களில் தன் எண்ணத்தை இத்தனை சுலபமாக மாற்றிக்கொள்பவர் எவருமில்லை, அவரையும் சேர்த்து. டிப்ளமோவோடு நின்ற படிப்பு. மரகதம் இறந்த வருஷம், வீட்டில் டி.வி. சத்தம் பொறுக்கமாட்டாமல், இணையத்தில் கிடைத்த பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, புரியாததைத் திரும்பப் பார்த்து, தானாகக் கற்றுக்கொண்டது இது. கற்றுக்கொண்டதில் அவர் மிகவும் மரியாதை வைத்திருந்தது வேலிக்கு. ஏனென்றால் கிளிக்கு ஆபத்து தெரியாது. அதற்கு எல்லாமே எண். காஸ்டிக்கோ பெராக்சைடோ சூடோ, தனியாக எவ்வளவு ஏறினாலும் சமாளிக்கலாம். மூன்றும் சேர்ந்து ஏறக் கூடாது. ஒரு வீட்டில் மூன்று கோபக்காரர்கள் இருந்தால் ஒருவர் எகிறும்போது மற்ற இருவர் வாயை மூடிக்கொள்ள வேண்டுமில்லையா, அந்த மாதிரி. மூடிய குடுவைக்குள் மூன்றும் எகிறினால் பெராக்சைடு உடைந்து காற்றாகும், காற்றுக்குப் போக வழியிருக்காது. மூன்றின் ஏற்றத்தையும் கூட்டினால் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று புரோகிராமுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிற சீட்டைக் கிளி தொடாது. அந்த வரிதான் வேலி. வேலி இருந்ததால்தான் சூட்டோடு திறக்கிற வழக்கத்தையும் அவர் கண்டுகொள்ளாமல் விட்டார். குடுவைகள் ஆறுகிறவரை காத்திருந்தால் நாளுக்கு ஒரு சுற்றுக்கு மேல் ஓட்ட முடியாது. மணி அடித்ததும் பூங்கோதை கையுறையை மாட்டிக்கொண்டு, குடுவையை வெளியே எடுத்து, மார்போடு அணைத்துப் பிடித்து, சாவியைப் போட்டு மூடியைத் திருகுவாள். மூடி இறுக்கமாக இருக்கும். அதனால் முகம் மூடிக்குப் பக்கத்தில் போகும். எல்லாரும் அப்படித்தான் திறந்தார்கள். சென்னியப்பனும் அப்படித்தான் திறந்தான்.

அதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று நினைத்த உடனேயே அவன் வந்து நின்றான், அவர் முன்பு வேலை பார்த்த பழைய ஆலையில், நீலச் சட்டையில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. குழந்தைவேலு அப்போது அடுத்த மேசையில் துணியை எடைபோட்டுக்கொண்டிருந்தார். பெரிய வெடிச் சத்தம் ஒன்றும் இல்லை. சோடா பாட்டில் திறக்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு அவன் ‘அட’ என்று சொன்னது. அந்த ‘அட’தான் இன்னும் இருக்கிறது. ஏதோ ஒரு சின்னப் பொருளைக் கைதவறிப் போட்டுவிட்டவன் சொல்வது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னான், சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். காஸ்டிக் கண்ணில் பட்டால் எரிச்சலோடு நிற்காது, கழுவி முடிப்பதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். ஒரு கண் போயிற்று. இன்னொன்றில் நிழல் மட்டும் தெரியும் என்றார்கள். அவன் குடுவையில் காஸ்டிக் எவ்வளவு, பெராக்சைடு எவ்வளவு, சூடு எவ்வளவு என்பது குழந்தைவேலுவின் மண்டையில் வீட்டு விலாசம் மாதிரி பதிந்துவிட்டது. இங்கே வேலி போட்டபோது அந்த இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, தாராளமாக இடம் விட்டுத்தான் போட்டார். தாராளம் அதிகமாகிவிட்டதோ என்று பிறகு சந்தேகம் வந்தது. ஏனென்றால் கிளி நீட்டிய சீட்டுகள் எல்லாம் வேலியோரத்திலேயே வந்து விழுந்தன. மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் கிளுவை முள்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற புல்லுக்குக் கழுத்தை நீட்டி நிற்கிற மாடு மாதிரி, நல்ல வெண்மை அங்கேதான் இருக்கிறது, அங்கேதான் இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் முட்டிக்கொண்டு நின்றது. யுவராஜ் கண்ணில் இது பட்டுவிட்டது. முதலாளியின் மகன், அப்பாவுக்குப் பிறகு ஆலையைப் பார்க்கிறவன், கெட்டிக்காரன், எடுத்தெறிந்து பேசமாட்டான். “அண்ணா, நல்லது பூராவும் வேலிக்கு அந்தப்பக்கந்தான் இருக்குதாட்ட இருக்குது. கொஞ்சம் தள்ளிப் போடலாமில்லீங்க? வெளிநாட்டுக்காரன் கேக்கற வெள்ளை நம்மகிட்ட வரவே மாட்டேங்குதே.” வேலியைத் தொடமுடியாது தம்பி என்றார் குழந்தைவேலு. “செரி, வேலி கெடக்கட்டும். காஸ்டிக்கோட உச்சத்தையாவது கூட்டிக் குடுங்க. சூட்டையும் பாருங்க. வேலிதான் காவலுக்கு நிக்குதில்ல, பின்ன என்ன பயம்?” பயம் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் யோசிக்கவில்லை. சரி என்றார். காஸ்டிக்குக்கும் சூட்டுக்கும் கிளி போகலாம் என்று கொடுத்திருந்த உச்ச அளவுகளைக் கூட்டினார். “வேலி நான் போட்டது தம்பி, அது நகராது” என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

எந்திரம் சுற்றியது. தட்டியது, அல்லது தட்டவில்லை. ஜன்னலோரத்தில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் பூங்கோதை எந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் இடையே நின்று புருஷனோடு பேசிக்கொண்டிருந்தாள். “ஏனுங்க, மோட்டாரப் போட்டுட்டு உங்க பாட்டுக்குத் தூங்கிறாதீங்க. பாதித் தொட்டி போதும். பாதீன்னா நேத்து வரைக்கும் விட்ட பாதி இல்லீங்க, இது புதுத் தொட்டி, பெருசு. இதுல பாதீன்னாலே பழசு ஒண்ணு ரொம்புன மாதிரி. ஆமா... ஆமா, நீங்க அளந்த லட்சணம் எனக்குத் தெரியாதாக்கும்.” சிரித்தாள். குழந்தைவேலுவும் புன்னகைத்தார். பாவம் அவன், முக்காலையும் அரையையும் வைத்துக்கொண்டு வாழ்கிறவன், தொட்டி பெரிதாகிவிட்டால் அரையும் பெரிதாகிவிடும் என்பது அவனுக்கு... அரையும் பெரிதாகிவிடும். புன்னகை அப்படியே முகத்தில் நின்றது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. வேலியை அவர் கிராமில் எழுதவில்லை. கிராமில், டிகிரியில் எழுதினால் மூன்றையும் கூட்ட முடியாது, ஒன்று நூறை ஒட்டி இருக்கும், இன்னொன்று விரல்விட்டு எண்ணுகிற அளவில் இருக்கும். அதனால் பாடத்தில் சொன்னபடி எல்லாவற்றையும் பங்காக மாற்றி எழுதினார். மிகக் குறைந்தது பூஜ்யம், உச்சம் ஒன்று, நடுவில் இருப்பதெல்லாம் அரை, முக்கால். சுவரில் முக்கால் உயரத்துக்கு மேல் ஏறாதே என்பது மாதிரி. அப்படி எழுதியதில் ஓர் அழகு இருந்தது, எழுதிய அன்று அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரை உயர்த்தினால் முக்காலும் கூடவே உயரும். போன வாரம் காஸ்டிக்கின் உச்சத்தைக் கூட்டியது யார்? சூட்டின் உச்சத்தைக் கூட்டியது யார்? வேலி பிடுங்கப்படவில்லை, ஒடியவில்லை, ஒரு முள்கூட உதிரவில்லை. இருந்த இடத்திலேயே இருப்பதாகக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்து போய்விட்டது. கிளி நாலைந்து நாள் உள்ளேயே மேய்ந்து, இன்று புது வேலியின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. புது முக்கால் என்பது பழைய கணக்கில் எவ்வளவு? மனம் தானாகக் கணக்குப் போட்டது. காஸ்டிக் இவ்வளவு, பெராக்சைடு இவ்வளவு, சூடு இவ்வளவு. விடை வருமுன்பே அது எந்த விலாசம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நீலச் சட்டை. அட.

எழுந்திருக்க வேண்டும். எழுந்து, எந்திரத்தை நிறுத்தி, பூங்கோதையை அந்தப் பக்கம் போகச் சொல்ல வேண்டும். கால்களுக்கு அது தெரிந்திருந்தது, அவை நாற்காலியின் கீழே ஒருமுறை அசைந்தன. ஆனால் இது கணக்கா, பயமா? அதையல்லவா முதலில் பார்க்க வேண்டும். சென்னியப்பன் வந்து நின்றாலே எல்லாக் கணக்கும் ஒரே விடையைத்தான் கொடுக்கும், அது அவருக்குப் பழக்கம். கம்ப்யூட்டரில் வேலி எழுதிய கோப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கலாம். பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். கை மவுஸின் மேல் போய் உட்கார்ந்தது, அசையவில்லை. பார்க்க வேண்டியதில்லை, எழுதிய வரி அவருக்கு மனப்பாடம். அப்படியென்றால் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம்? யுவராஜிடம் என்ன சொல்வது? நகராது என்று சொன்னேனே, அந்த வாய் எங்கே? நாலைந்து நாளாக ஓட்டிய சுற்றுகள் அத்தனையும் காவலில்லாத காட்டில் ஓட்டியவை என்று சொல்வதா? ஒன்றும் ஆகாமலும் போகலாம். மூடிகள் புதியவை. இந்தக் குடுவைகள் பழைய ஆலையின் குடுவைகளைவிடக் கனமானவை. பெராக்சைடு முழுதும் துணியிலேயே செலவாகியிருக்கலாம். ஒன்றும் ஆகாமல் போனால், இந்தக் கிழவன் எதற்கெடுத்தாலும் நடுங்குகிறான் என்ற பேச்சு மிஞ்சும். இப்படி நடுங்கித்தான் மரகதத்தை... இல்லை. அங்கே போகாதே. ஆனால் அந்த வாசல் எப்போதும் திறந்துதான் கிடக்கிறது, எந்த நினைப்பில் ஏறினாலும் வண்டி அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி, குளிரூட்டிய அறை, மேசையின் அந்தப் பக்கம் சின்ன வயசு டாக்டர். இன்னொரு மருந்து இருக்கிறது, வீரியம் அதிகம், இவங்க உடம்பு தாங்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தாங்கினால் பலன் இருக்கலாம் என்றார். ஆபத்து உண்டா என்று குழந்தைவேலு கேட்டார். உண்டு என்றார் டாக்டர். அப்படின்னா வேண்டாமுங்க, இப்ப குடுக்கறதே போதும் என்றார் குழந்தைவேலு. பக்கத்து நாற்காலியில் மரகதம் மடியில் கிடந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறினார்கள். அவிநாசி தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடியே, “என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல” என்றாள். கோபமில்லை. கடையில் வேறு நிறம் இருந்ததா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அவர் என்ன பதில் சொன்னார் என்று நினைவில்லை, காற்று முகத்தில் அடிக்கிறது ஜன்னலை மூடு என்று ஏதோ சொன்னார். அவள் தாங்கியிருப்பாளா, மாட்டாளா? செய்யாத சோதனை அது. செய்யாத சோதனைக்குக் கிளிகூட ஊகம்தான் சொல்லும். அன்றிலிருந்து தன் பயத்தை அவர் நம்புவதை விட்டுவிட்டார். உச்சத்தைக் கூட்டுங்கள் என்று யுவராஜ் சொன்னபோது சரி என்று சொன்னது காஸ்டிக்குக்காக இல்லை, வெள்ளைக்காக இல்லை. ஒருமுறையாவது, பயத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்றுதான். எடுத்து வைத்த அடி எங்கே விழுந்திருக்கிறது பார். தன் உடம்பின் மேல் விழவில்லை. மறுபடியும் இன்னொருத்தியின் மேல். பூங்கோதை காலையில் நெற்றியில் வைத்த சாந்துப்பொட்டு வியர்வையில் ஓரமாகக் கரைந்திருக்கிறது. அவள் முகத்தை இவ்வளவு கவனமாக அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு கண்கள். இமைகள் அடிக்கின்றன. ஒன்றும் ஆகாது. ஆகிவிட்டால்? ஒன்றும் ஆகாது, எழுந்திரு. அந்த வரியை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு. எழுந்திரு. எந்திரம் தட்டுகிறது. இல்லை, அது நெஞ்சு.

மணி அடித்தது. எந்திரம் தானாக நின்றது. நின்ற பிறகு வந்த அமைதியில் பூங்கோதை போனை இடுப்பில் செருகிக்கொண்டு, “வெச்சர்றனுங்க, வேல வந்துருச்சு” என்று செருகிய போனிடமே சொல்லிவிட்டு, தானே சிரித்து, ஆணியிலிருந்து உறைகளை எடுத்தாள். ஒரு கையில் மாட்டினாள். இன்னொன்றில் மாட்டினாள். எந்திரத்தின் மூடியைத் தூக்கினாள், ஆவி அவள் முகத்தில் அடித்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். குழந்தைவேலு எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. “பூங்கோத, தொடாத.” குரல் தனக்கே அந்நியமாக, ஆடு மாடுகளை அதட்டுகிற குரலாக வந்தது. அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்தாள். “என்னங்க சார்?” “கடைசிக் குடுவையத் தொடாத. எதையும் தொடாத. இந்தப் பக்கம் வா, சுவத்துப் பக்கம்.” “ஏனுங்க, கிளி கடிச்சுப்போட்டுதுங்களா?” என்றாள் பாதிச் சிரிப்போடு. அவர் முகத்தைப் பார்த்த பிறகு மீதிச் சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டாள். அவர் சொன்னார். வேலி நகர்ந்துவிட்டது, கடைசிக் குடுவை வெளியே போயிருக்கிறது, உள்ளே காற்று சேர்ந்திருக்கலாம், சூட்டோடு திறந்தால் காஸ்டிக் முகத்தில் சீறும். நாலு வாக்கியம்தான். அவ்வளவு நேரம் மலை போலக் கிடந்தது நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பூங்கோதை எந்திரத்தையும் தன் கையுறைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கிளிசரினைக் குளிர்விக்கிற தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். ஆறட்டும், நன்றாக ஆறட்டும். அந்த நேரம் பார்த்து யுவராஜ் போனில் வந்தான். “அண்ணா, ரிசல்ட் வந்துருச்சுங்களா?” “இல்ல தம்பி. வேலி தப்பா இருந்துச்சு. நான் போட்டதுலதான் தப்பு. உச்சத்தக் கூட்டுனப்ப வேலியும் கூடவே போயிருச்சு, நான் கவனிக்கல.” திட்டுவான் என்று காத்திருந்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. “செரிங்ண்ணா, ஆருக்கும் ஒண்ணும் ஆகலையில்ல? செரி. அந்தக் கடைசிக் குடுவைல வெள்ள எவ்வளவு வந்துருக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லீருங்க” என்றான்.

குடுவை ஆறிய பிறகும் உள்ளே சேர்ந்த காற்று எங்கும் போயிருக்காது என்று அவருக்குத் தெரியும். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, குடுவையை அதற்குள் இறக்கி, மேலே சாக்கை நனைத்துப் போட்டு, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, சாக்குக்கு அடியில் சாவியைத் தடவிப் பிடித்தார். “நீ வெளிய போய் நில்லு” என்றார். பூங்கோதை வாசற்படி வரை போய் நின்றாள், அதற்கு மேல் போகவில்லை. மூடி முதலில் அசைய மறுத்தது. பிறகு ஒரு நூல் இடம் கொடுத்தது. சாக்கு விம்மிற்று. தண்ணீருக்கு அடியில் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு நீளமான சத்தம், நிற்காது போலிருந்தது, குமிழிகள் சாக்கின் ஓரங்களில் கொப்பளித்து வெளியே வழிந்தன, கொஞ்சம் தரையில் தெறித்தது. அப்புறம் சின்னதாகிக்கொண்டே போய் நின்றுவிட்டது. மூடி கையோடு வந்தது. அவர் சாக்கை விலக்கி, இடுக்கியால் துணியை எடுத்தார். இவ்வளவு வெள்ளையை அவர் இதுவரை பார்த்ததில்லை. யுவராஜ் கேட்ட வெள்ளை, வெளிநாட்டுக்காரன் கேட்ட வெள்ளை, கிளி கழுத்தை நீட்டி நீட்டிக் காட்டிய வெள்ளை இதுதான். இடுக்கியைக் கொஞ்சம் உயர்த்தியதும் துணி பாலாடை மாதிரி நடுவில் கிழிந்து, பாதி வாளியிலேயே விழுந்தது. குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து நெஞ்சில் கட்டிக்கிடந்ததெல்லாம் சிரிப்பாக வந்தது. “பாத்தியா, அவ்வளவுதான். சீறிட்டு அடங்கிருச்சு. ஒண்ணுமில்ல” என்று வாசலைப் பார்த்துத் திரும்பினார். சூட்டோடு திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியாது. அதுவும் செய்யாத சோதனைகளோடு போய்ச் சேரட்டும் என்று இருந்தது அவருக்கு. பூங்கோதை சிரிக்கவில்லை. வாளியைப் பார்க்கவுமில்லை. “உங்குளுக்கு எப்பங்க சார் தெரிஞ்சுது?” என்று கேட்டாள். பொய் ஒன்று வாய்வரை வந்தது, மணி அடித்தபோது என்று. “நீ போன்ல பேசிட்டிருந்தியே, அப்ப” என்றார். அவள் எந்திரத்தையும், ஜன்னலையும், இரண்டுக்கும் நடுவே இருந்த அந்தக் கொஞ்ச இடத்தையும் பார்த்தாள். “அத்தன நேரமும் நான் அங்கதானுங்க நின்னுட்டிருந்தேன்.” “இல்ல பூங்கோத, மூடியிருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, தொறந்தாத்தான். அதுவும் எனக்கு நிச்சயமாத் தெரியல. வெறும் பயமோன்னு இருந்துச்சு. நிச்சயமில்லாம எப்படி...” “நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் சொல்லுவீங்களாக்கும்” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “பயமா இருக்குதுன்னு சொல்லியிருந்தாலே நான் தள்ளி நின்னுருப்பனுங்களே. பயத்துக்கு என்னங்க கொறச்சல்.” உறைகளைக் கழற்றி மேசையில் வைத்தாள். சோற்றுப் பையை எடுத்துக்கொண்டாள். வழக்கமாக அந்த மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இன்று பாய்லர் ஆட்கள் உட்காருகிற பக்கமாகப் போனாள். போகிறபோது திரும்பாமலே, “மிச்சத்தையும் நீங்களே தொறந்துருங்க” என்றாள். குழந்தைவேலு எந்திரத்துக்குள் பார்த்தார். மீதிக் குடுவைகள் ஆறிய கிளிசரினில் அசையாமல் கிடந்தன, ஒன்றைப் போலவே இன்னொன்று. எல்லாம் வேலிக்குள் இருப்பவைதான் என்று காலையில் சொல்லியிருப்பார். முதல் குடுவையை எடுத்து வாளிக்குள் இறக்கினார். சாவியைப் போடப் போனவர் கையை இழுத்துக்கொண்டு, சாக்கை எடுத்து மறுபடியும் நனைத்தார்.